இடப்பக்கம் திருப்பினால் உறுமும் வண்டி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கிணத்துக்கடவுப் பக்கம் வெறும் பொட்டலில் கிணறு வெட்டி, தென்னை வைத்து, தேங்காய்க் களம் போட்டு, மாடி வீடும் கட்டினேன். ஒருவரும் உதவவில்லை. அப்படிப்பட்ட எனக்குக் கை நிதானமில்லை என்று போன மாதம் என் மகனே சொல்லிவிட்டான்.

காரணம் என் பைக். களத்துக்குள் இடப்பக்கம் திருப்பும்போது ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் அடங்காமல், தேங்காய்க் குவியலில் போய் மோதினேன். வண்டியில் குறையில்லை என்று மெக்கானிக்கும் சொல்லிவிட்டார்.

"வயசாயிருச்சுங்கப்பா. வண்டியை வித்துப்போடலாங்க," என்றான் மகன்.

"அப்ப என்னையும் சேத்து வித்துப்போடு," என்றேன்.

மறுநாள் காலை ஆற்றாமையில் வாசலிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினேன். இன்ஜின் உறுமியது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகள் அருகில் வந்தாள்.

"மாமா, கையை எடுங்க."

எடுத்தேன். உறுமல் நிற்கவில்லை. அவள் ஹேண்டிலை நேராக்கியதும் அடங்கியது. குனிந்து பார்த்தாள். விபத்து வரக்கூடாது என்று சென்னிமலை முருகனுக்கு நேர்ந்து ஹேண்டிலில் நான் கட்டிய மஞ்சள் துணி, ஆக்சிலேட்டர் கேபிளையும் சேர்த்து இறுக்கியிருந்தது. திருப்பும்போதெல்லாம் கேபிள் இழுபட்டது.

"ஆருங்க மாமா இத்தனை இறுக்கமாக் கட்டுனது?"

"நாந்தான் அம்மணி. நாங் கட்டுனா அவுறாது."

அவள் சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்து, கண்ணாடிக் கம்பியில் கட்டினாள். மகன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியை என்னிடம் நீட்டினான்.

குறை சொன்னவனிடம் கோபித்த நான், வண்டியை அன்றே நிதானமாகப் பார்த்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். கண்டுபிடித்தது மருமகள் என்று மகன் ஊரெல்லாம் சொல்கிறான். சொல்லட்டும். ஹேண்டிலைத் திருப்பிக் காட்டியது நான் என்பதையும் அவன் சேர்த்துச் சொல்ல வேண்டும்.