சிலுப்பாத கிடா

ஒரு கிடா கண்ணை மூடிக்கொண்டு வெந்நீருக்குக் காத்து நிற்பதை நான் ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். செஞ்சியில் மலையடிவாரம் போகும் சாலையில் இருந்த ஓட்டு வீடு அது. ஆடு என்றால் தண்ணீரைக் கண்டு ஓடும். தூறல் விழுந்தாலே கத்திக்கொண்டு கூரைக்கடியில் ஒண்டும். இந்தக் கிடா மட்டும் காலையில் தானாகவே கிணற்றடிக்கு வந்து நிற்கும். முதுகில் தண்ணீர் விழ விழக் கண் சொக்கும். துண்டால் காதுக்குள் துடைத்து முடிக்கும்வரை அசையாது.

குளிப்பாட்டியவர் எங்கள் தொரசாணி. அறுபதுகளில் வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். டென்மார்க்கிலிருந்து வந்து, தொழுநோய்க்காரர்களுக்கு மருந்து கட்டும் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தார். தண்ணீர் சேந்துவது, கடைக்குப் போவது, தோட்டம் பார்ப்பது என்று அவர் வீட்டில் நான் வேலையில் இருந்தேன். அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. படிப்பு ஐந்தாவதோடு சரி. எனக்கு அதிகம் பேச வராது, அவருக்குத் தமிழ் சரளமாக வராது. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவர் தமிழைப் புத்தகம் பார்த்துப் படித்தவர். மரியாதைப் பேச்சு மட்டும்தான் தெரியும். கண் தெரியாத தெருநாய் ஒன்றும், குளம்பு அழுகியதால் யாரோ விரட்டிவிட்ட கழுதை ஒன்றும் நான் சேரும்போதே அந்த வீட்டில் இருந்தன. நாயிடம் "சாப்பிட வாருங்கள்" என்பார். கழுதையிடம் "காலைக் கொஞ்சம் தூக்குங்கள்" என்பார். மளிகைக்கடைச் செட்டியார் என்னைக் கண்டால் விடமாட்டார். "இன்னாப்பா, கழுத சார் நல்லா இருக்காரா?" என்று கடையில் இருப்பவர்கள் சிரிக்கக் கேட்பார். இதையெல்லாம் ஏன் வளர்க்கிறீர்கள் என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். "இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. அவர்களுக்கும் இல்லை. சேர்ந்து இருக்கிறோம்" என்றார்.

கிடா வந்தது ஒரு சந்தை நாளில். அவலூர்பேட்டை பஸ் தட்டிவிட்டதில் பின்னங்கால் முறிந்து கடைத்தெருவில் கிடந்தது. கழுத்தில் மஞ்சள் துணி. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா என்று எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் தொடவில்லை. இப்படி விட்ட ஆடு ஊரெல்லாம் மேயும், யாரும் விரட்டமாட்டார்கள். ஆடி மாதம் வந்தால் நேர்ந்தவர் பிடித்துக்கொண்டுபோய்க் கோயிலில் வெட்டுவார். தொரசாணி அதைத் தூக்கிக்கொண்டபோது, "அம்மா, இது அம்மனுக்கு விட்டது" என்று சொன்னேன். "அம்மனுடையதா? அப்படியென்றால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சேலையில் ரத்தம் பட நடந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மருந்து வாடை போக வெந்நீரில் துடைக்க ஆரம்பித்தது, கால் கூடிய பிறகும் தினமும் குளிப்பாட்டுவதாக ஆகிவிட்டது. முதலில் கிடா என்னை முட்டித் தள்ளும். போகப்போக அதற்கே குளிக்காமல் பொழுது போகாது என்று ஆயிற்று.

ஆனி பிறந்ததும் சிங்கவரத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடியானவர். முந்தின வருஷம் பிரசவத்தில் மனைவிக்கு ஜன்னி கண்டு பிழைக்கமாட்டாள் என்று ஆனபோது நேர்ந்துகொண்ட கிடா இது. அது நொண்டாமல் நடப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊனமான கிடாவ வெட்டக்கூடாதும்மா. காணோம்னு தேடாத எடமில்ல. எங்க குடும்பத்தயே காப்பாத்திட்டீங்க. ஆடியில வந்து ஓட்டிக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தொரசாணியும் சிரித்துக் கும்பிட்டார். அவர் போனபின் எதற்கு ஓட்டிப் போவார் என்பதை நான்தான் கையைக் கழுத்தில் வைத்துக் காட்டிச் சொன்னேன். தொரசாணி கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். கால் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகக் கூடியதோ அவ்வளவுக்கவ்வளவு கத்திக்குத் தோதாகிவிட்டது.

வேறு கிடா வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்றேன். "அந்த இன்னொருவருக்கும் கழுத்து இருக்கிறதே" என்றார். அந்தப் பெண் பிழைத்தாளா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிழைத்தாள் என்றேன். "அவர்களுக்கு அது பெரிய விஷயம். நான் தடுக்கக்கூடாது" என்றார். ஆனால் குளிப்பாட்டுவதை நிறுத்தவில்லை. சில காலைகளில் துடைத்து முடித்த பிறகும் ஈரத் துண்டோடு அப்படியே நிற்பார்.

கோயில் நாளன்று கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு சிங்கவரம்வரை நடந்தார். நானும் கூடப் போனேன். வயலோரத்தில் சின்ன அம்மன் கோயில். பம்பை சத்தம். கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் உடனே வெட்டிவிடமாட்டார்கள். மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பாமல் கத்தியைத் தொடக்கூடாது.

பூசாரி ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது.

மறுபடி ஊற்றினார். சொக்கிப்போய் நின்றது. "தாயே, உத்தரவு குடும்மா" என்று பெண்கள் குரல் கொடுத்தார்கள். "காதுல ஊத்துய்யா, தானா சிலுப்பும்" என்று ஒருவர் வழி சொன்னார். காதில் ஊற்றியதும் கிடா தலையை மட்டும் திருப்பி, துண்டு எங்கே என்பதுபோலத் தொரசாணியைப் பார்த்தது. குடியானவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏதாச்சும் குத்தம் பண்ணிட்டனா சாமி?" என்று பூசாரியின் கையைப் பிடித்தார். மனைவிக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

ஏன் எல்லோரும் நிற்கிறார்கள் என்று தொரசாணி கேட்டார். சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. ஏனென்றால் அவர் கூட்டத்துக்கு நடுவே போய், "மன்னியுங்கள். இவரை நான் தினமும் குளிப்பாட்டுகிறேன். அதனால்தான் நிற்கிறார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பம்பைக்காரரும் அடிப்பதை நிறுத்திவிட்டார். "அப்ப வேற எதுனா பண்ணி சிலுப்ப வைக்கலாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

அப்போதுதான் குடியானவரின் மனைவி இடுப்புக் குழந்தையோடு முன்னால் வந்தாள். ஒல்லியான பெண். நோயில் கொட்டிய முடி அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. "யாரு குளிப்பாட்டினா இன்னா?" என்றாள். "அம்மனுக்கு வேணும்னா சிலுப்ப வைக்கத் தெரியாதா? எங்கிருந்தோ ஒருத்தியக் கொண்டாந்து, தண்ணிக்குப் பழக்கி, கொண்டாந்து நிறுத்தியிருக்கா. அவளே வேணாங்கறா, உங்களுக்கு இன்னா அவசரம்?" என்று கூட்டத்தைக் கேட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "நேர்ந்தது என் உசுருக்குத்தான? நான் நிக்கறன் இல்ல? பொங்கல் வையி."

பூசாரி கத்தியைக் கீழே வைத்தார். பேச்சில் அவளிடம் ஜெயிக்க முடியாது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் போல. அன்று எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல். கறிச்சோற்றுக்கு வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கிடா எங்களோடு வீட்டுக்கே திரும்பி நடந்தது.

சில வருஷம் கழித்து, தாயாருக்கு முடியவில்லை என்று தொரசாணி ஊருக்குக் கிளம்பினார். நாயும் கழுதையும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன. கிடாவுக்கு என்ன வழி என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. யார் சொன்னார்களோ, குடியானவரின் மனைவி, அந்த அக்கா, சிங்கவரத்திலிருந்து நடந்தே வந்து, "எங்க வூட்டு ஆள நான் கூட்டிம்போறேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள். அதன்பின் வந்த கடிதங்களில் எல்லாம் தொரசாணி முதலில் விசாரித்தது கிடாவைத்தான். அக்கா சொல்லச்சொல்ல நான் பதில் எழுதிப்போடுவேன்.

கிடா பல் விழுந்து, தாடி வெளுத்து, ஒருநாள் மதியம் வேப்பமர நிழலில் படுத்தபடியே போய்விட்டது. வயதாகிச் செத்த கிடாவை அந்த ஊரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் அக்காவின் புருஷனே கடப்பாரையை எடுத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போனார். ஒருகாலத்தில் கத்திக்கு ஓட்டிப்போக வந்த அதே மனிதர். "போதுமா?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டார். "இன்னும் நோண்டு, நாய் இழுத்துடும்" என்றாள் அக்கா. இன்னும் ஒரு முழம் தோண்டினார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. மூட்டையை ஏற்றச்சொல்லிக் கண்டக்டரோடு சண்டை. "ஏத்துடா, நான் சாவறதுக்குள்ள வூடு போய்ச் சேரணும்!"

"நீ இன்னாத்த சாவப் போற?" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டான் அவன். "ஏறு ஆயா."