சகலனின் முகம்

என் சகலனை மீண்டும் பீடி குடிக்க வைத்தவன் நான். வேண்டுமென்றே செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பதே வழக்கம். அக்காளை நானும் தங்கையை அவரும் முடித்து, கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். நான் ஆசிரியன், அவர் வேளாண்மை செய்பவர். இருவருக்குமே உதடு கறுத்து, முகம் சாம்பல் பூத்திருந்தது. நோன்பு திறந்ததும் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு வேலியோரம் போய்ப் பற்றவைப்போம்.

ஒரு வருடத்து நோன்பில் அவர் வேலியோரம் வரவில்லை. "பகல் முழுக்க இல்லாம இரிக்க ஏலுமெண்டா ராவைக்கும் ஏலும்தானே காக்கா" என்றார். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு மாதம் கழித்து வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் அவர் கண்ணுக்குக் கீழிருந்த கருமை போயிருந்தது. தோலில் ஈரமும் மினுக்கமும் வந்துவிட்டன. மாமி சோறு போட்டபடி சொன்னார்: "சின்ன மருமகனப் பாருங்க, புது மாப்பிள்ள மாதிரி இரிக்கார். மூத்தவரு அந்த மாப்பிள்ளைட வாப்பா மாதிரி." என் மனைவியும் சிரித்தாள். அன்றிலிருந்து சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் அவர் முகத்தைத்தான் தேடினேன்.

அறுவடைக்கு மாவடிப்பள்ளி வயலுக்கு அவருடன் போனேன். தேநீர் குடித்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்து நீட்டினேன்.

"வேணாம் காக்கா."

"ஒண்டுதானே தம்பி. என்ன, பொண்ணு மாதிரி முகத்தப் பாதுகாக்கீங்களா?"

வெட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் வாங்கினார். அதன்பிறகு நிறுத்தவில்லை. ஒரு மாதத்தில் அவர் முகம் பழைய சாம்பலுக்குத் திரும்பிவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அடுத்த நோன்பில் அவர் தலைகுனிந்து வேலியோரம் வந்தார். "என்னால ஏலாமப் போயிட்டு காக்கா. நான் உறுதியில்லாதவன்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் புகையை உள்ளே இழுக்க முடியவில்லை. அன்றே விட்டேன். நான் விட்டால் அவரும் விடுவார் என்று நினைத்தேன். நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து கட்டித் தழுவியபோது உண்மையைச் சொன்னேன்: "அண்டைக்கு நான் பொறாமையிலதான் தந்த தம்பி. மன்னிச்சிருங்க."

கையை எடுத்துக்கொண்டார். "நான் என்னைத்தானே காக்கா ஏசிக்கிட்டிருந்த" என்றார். சில கிழமைகள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தார். பீடியை விட இரண்டு முறை முயன்றார், முடியவில்லை.

என் முகம் தெளிந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளில் மாமி, "இப்ப மூத்தவருதான் புது மாப்பிள்ள" என்றார். கறுத்த உதடுகளோடு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர். நான் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை.