கத்திவாக்கத்துப் புகைமூட்டத்தில் ‘மூணாம் நம்பர் கூண்டு’

போகியன்று விடியற்காலை ஐந்து மணிக்கு இராயபுரம் நிலையத்தில் கத்திவாக்கத்துக்குப் பயணச்சீட்டு வாங்கினேன். கட்டணம் ஐந்து ரூபாய். தூரம் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். நான் கோவையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் வந்ததே இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்காகத்தான் என்பதை, முந்தைய இரவு தங்க இடம் கொடுத்த என் கல்லூரித் தோழி நம்பவே இல்லை. “ஐம்பத்தாறு வயசுல ராக் கச்சேரியா? பேரன் பேத்தி பேரைச் சொல்லியாவது பொய் சொல்லக் கூடாதா?” என்று சிரித்துக்கொண்டே தன் கம்பளிச் சால்வையை என் தோளில் போட்டு அனுப்பினாள்.

எந்த ராக் குழுவை நேரில் கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஒலிப்பதிவில் நன்றாக இருக்கும் குழுக்கள் ஏராளம். மேடையில் அவற்றுள் பல சிறுத்துவிடும். நேரில் கேட்டாக வேண்டியவை என்று நான் சொல்லிவந்தவை மூன்று. பெங்களூருவின் ‘கண்ணாடி யானை’, மேளத்துக்கு நடுவே மௌனத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். கொச்சியின் ‘ஏழாம் படகு’, பாடகர் தன் குரல் உடைவதை மறைக்க மாட்டார். ஷில்லாங்கில் நான்கு பெண்கள் நடத்தும் ‘பைன் சாலை’, மழையில் நனைந்தபடியே இரண்டு மணி நேரம் கேட்டேன். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று தீர்மானிக்கத்தான் இந்தப் பயணம்.

அந்தக் குழுவின் பெயர் ‘மூணாம் நம்பர் கூண்டு’. புயல் நெருங்கும்போது துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண் அது. குழுவினர் நால்வரும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர்கள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. போகி மேளம் அடித்தே இசைக்கு வந்தவர்கள் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை, போகியன்று சூரியன் எழும் நேரத்தில், தங்கள் கடற்கரையிலேயே வாசிப்பார்கள். கட்டணம் கிடையாது.

வண்டி கொருக்குப்பேட்டையைத் தாண்டும்போது வெளியே ஒன்றும் தெரியவில்லை. பனியோடு பழைய பாயும் டயரும் எரிந்த புகை சேர்ந்து, சன்னலுக்கு வெளியே அழுக்குத் துணியைத் தொங்கவிட்டதுபோல் இருந்தது. ஓட்டுநர் விடாமல் ஒலி எழுப்பிக்கொண்டே ஊர்ந்தார். எதிரே பூக்கூடையோடு அமர்ந்திருந்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கமா போறே, இந்தப் பொகையில?”

சொன்னேன்.

“பாட்டு கேக்கவா? மூக்குல துணியக் கட்டிக்கோ. பாட்டு காதுல போவும், பொகை நெஞ்சுல போவும்” என்றவர், சற்று நேரம் கழித்துத் தனக்குள் பேசுவதுபோல, “இன்னிக்குப் பாத்து எவனும் கடலுக்குப் போயிருக்கக் கூடாது” என்றார்.

கத்திவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அறுபது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. முன்விளக்கின் வெளிச்சம் இரண்டு முழத்தில் நின்றுவிட்டது. எதிரே வந்த சரக்கு லாரி, சக்கரம் பக்கத்தில் வந்த பிறகுதான் லாரி என்று தெரிந்தது. நான் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

“பயப்படாத அக்கா. எனக்கு இந்த ரோடு கண்ண மூடிக்கினே தெரியும்” என்றார் ஓட்டுநர்.

“திறந்தே ஓட்டுங்க தம்பி.”

“தொறந்தாலும் அதே கதைதான் கீது” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறேகால் மணிக்குக் கடற்கரையை அடைந்தேன். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டி, கடலுக்குள் நீளும் சுவர்போல் கட்டியிருந்தார்கள். அதன் அடிவாரத்தில்தான் தட்டையான இடம் இருந்ததால் மேடையை அங்கே போட்டிருந்தார்கள். கற்சுவருக்கு வடக்கே ஒரு மணல் துண்டு, தெற்கே ஒன்று. இரு பக்கமும் மக்கள் உட்காருவார்கள் என்பதால், ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பக்கத்துக்கு ஓர் அடுக்காக, கல்லிலிருந்து நூறடி தள்ளி நிறுத்தியிருந்தார்கள். படகுகள் கரையேறும் மணல் தெற்குப் பக்கம்.

முந்நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஆனால் ஒருவரும் பேசவில்லை. மேடையில் நால்வரும் வாத்தியங்களைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தபடி இருந்தார்கள். கடல் என்று ஒன்று இருந்த திசையை என்று சொல்ல வேண்டும். பத்தடிக்கு மேல் வெள்ளைதான்.

அருகில் ஒலிப்பெட்டிக் கம்பிகளோடு உட்கார்ந்திருந்தவரிடம் மெல்லக் கேட்டேன். பாஷா என்பது அவர் பெயர். ஒலி அமைப்பை வாடகைக்கு விடுபவர். “பேஸ் கிட்டார் வாசிக்கிற ஸ்டீபன் கீறான் இல்ல, அவனோட அண்ணன் அந்தோணியும் கூட ஒர்த்தரும் ராத்திரி வலை போட்டாங்கோ. அஞ்சு மணிக்கே வந்திருக்கணும். இன்னும் வர்ல” என்று காதோரம் சொன்னார்.

படகு தாமதமானால் கரையில் சத்தம் கூடாது என்பது அந்தக் குப்பத்து வழக்கம். ஒவ்வொரு படகின் இயந்திர ஒலியையும் அவரவர் வீட்டார் அறிவார்கள். அது கேட்கும்வரை ஒலிபெருக்கி போடக் கூடாது, குழந்தையைக்கூட அழவிடக் கூடாது. தெருத்தெருவாகப் போகி மேளம் அடித்தவர்களைப் பெண்கள் ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். வடக்கே எங்கோ தொலைவில், புகைக்குள்ளிருந்து ஒரு பெரிய கப்பலின் ஊதல் எழுந்தது. கூட்டம் முழுவதும் ஒரே உடம்பாக அதிர்ந்தது.

ஸ்டீபனின் கைப்பேசி ஒலித்தது. ஒலியைப் பெருக்கி, கிராமத் தலைவருக்கும் கேட்கும்படி நீட்டினான்.

“டேய், ஒண்ணும் தெர்ல டா” என்றது அந்தோணியின் குரல். “ஜிபிஎஸ் பொட்டி ரிப்பேருக்குப் போயிருக்குது. கல்லுல அலை மோதுற சத்தம் கேக்குது, எந்தப் பக்கம்னு புரியல. போன்ல சார்ஜும் இல்ல.”

“நங்கூரம் போட்டு நில்லு நைனா. வெயில் ஏறட்டும்” என்றார் தலைவர், அறுபது வயதைத் தாண்டிய மெலிந்த மனிதர்.

“எப்டி நிக்கறது? பின்னால கப்பல் ஊதிகினே வருது. அதும் வழியில கீறோமா, இல்லியான்னே தெர்ல.”

ஸ்டீபன் தலைவரைப் பார்த்தான். “நாங்க வாசிக்கிறோம். சத்தம் வர்ற பக்கம் வரட்டும்.”

“இன்னாடா பேசறே? நீ அத்த அலறவுட்டா எஞ்சின் சத்தம் நமக்குக் கேக்காது. அவன் கல்லுல ஏறினாக்கூடத் தெரியாது.”

“அவனுக்கு நம்மளத் தெரியணும் தலைவரே. நமக்கு அவனத் தெரிஞ்சி இன்னா பண்றது?”

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அந்தோணியின் மனைவி ரோஸி. முந்தானையை வாயில் பொத்தியிருந்தவள் அதை எடுத்துவிட்டு, “ரெண்டும் பண்ணு. கொஞ்சம் வாசி, நிறுத்து. நிறுத்தும்போது அந்தாளு எஞ்சின ஓட்டட்டும், வாசிக்கும்போது அணைச்சிட்டுக் கேக்கட்டும்” என்றாள்.

தலைவர் தலையசைத்தார். ஸ்டீபன் அண்ணனிடம் அதையே சொன்னான்: சத்தம் வரும் திசைக்கு நேராக வா.

நான் பார்க்க வந்த கச்சேரி அப்படித்தான் தொடங்கியது. ஒரே மெட்டு, நான்கு வரி. பாடகியின் குரலும் பேஸ் கிட்டாரும் மேளமும் மட்டும். மணல் காலடியில் நடுங்கியது. நான்கு வரி முடிந்ததும் சட்டென்று நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில் முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் வேறெந்த அரங்கிலும் அறிந்ததில்லை. வெகுதூரத்தில், தையல் இயந்திரம்போல் ஓர் ஒலி. “அதான், அதான்” என்று ரோஸி கிசுகிசுத்தாள். மீண்டும் நான்கு வரி. மீண்டும் மௌனம். ஒலி சற்று நெருங்கியிருந்தது. மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி ஒளிர்ந்தது. ஸ்டீபனின் கைகள் தந்தியில் இருந்ததால் தலைவர் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மெட்டு நின்றதும் எல்லாருக்கும் சொன்னார். “நல்லாக் கேக்குதாம். ரெண்டு பக்கமும் இல்லாம நேரா நடுவுல கேக்குதாம். அப்டியே வரேன்னான். போன் செத்துப்போச்சு.”

தெற்கு மணலில் நின்றவர்கள் முகம் தெளிந்தது. அவர்கள் காதில் தெற்குப் பெட்டி மட்டுமே ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தோணியும் அதையே கேட்பதாக நினைத்தார்கள். நான் மட்டும் என் வழக்கப்படி, இரு பெட்டிகளுக்கும் சரிசமமான தூரத்தில், மேடைக்கு நேரே நின்றிருந்தேன். கச்சேரி கேட்பவர்கள் தேடிப் பிடிக்கும் இடம் அது. அங்கே நின்றால் இரண்டு பெட்டிகளும் மறைந்துவிடும். குரல் அவற்றுக்கு நடுவே, வெற்றிடத்திலிருந்து வரும். நாற்பது ஆண்டுகளாக நான் விரும்பித் தேடிய மாயம். இங்கே அந்த நடுவில் இருந்தவை கருங்கற்கள்.

 பாஷாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். “தம்பி, வடக்குப் பெட்டியை நிறுத்துங்க. அவருக்குப் பாட்டு கல்லுக்குள்ளேயிருந்து கேக்குது. நேரா கல்லுக்குத்தான் வராரு.”

பாஷா என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.  “அல்லா! ஆனா அத்த அணைச்சா சத்தம் பாதி ஆயிடும்மா. கேக்கலேன்னா? வழி மாறிடிச்சின்னு அவுங்கோ வேற பக்கம் திரும்பிட்டா?”

தலைவர் என் முன்னால் வந்து நின்றார். “நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. உறுதியா சொல்றீங்களா?”

உறுதி என்ற சொல் என் வாயில் வரவில்லை. அறைகளிலும் அரங்குகளிலும் கேட்டுப் பழகிய காது இது. திறந்த கடலில், அலைக்கும் காற்றுக்கும் அப்பால், இரண்டு மனிதர்களின் உயிரில் அது எவ்வளவு செல்லும்? சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட அந்தக் கணத்தில் தோன்றியது. புகைக்குள்ளே தையல் இயந்திர ஒலி நெருங்கிக்கொண்டே இருந்தது.

“அப்படித்தான் நினைக்கிறேன்” என்றேன்.

“நெனைக்கிறியா?” என்றார் யாரோ பின்னாலிருந்து.

“அணை பாஷா” என்றாள் ரோஸி.

வடக்குப் பெட்டி ஊமையானது. பாஷா தெற்குப் பெட்டியின் ஒலியை அது தாங்கும் எல்லைக்கு மேல் திருப்பினார். மீண்டும் அதே நான்கு வரி; ஒலி கிழிந்து கரகரத்தது, பாடகியின் குரல் தகரத்தில் ஆணி இழுத்ததுபோல் ஆயிற்று. ஸ்டீபன் கண்களை மூடிக்கொண்டிருந்தான். ஒரு சுரம் பிசகியும் தொடர்ந்து வாசித்தான்.

நிறுத்தினார்கள். இயந்திர ஒலி இல்லை.

அலை கல்லில் மோதுவது மட்டும் கேட்டது. ரோஸி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சால்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். “வாசி டா!” என்று தலைவர் கத்தினார். மறுபடி வாசித்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். எத்தனை நேரம் அந்த மௌனம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு இயந்திரம் ஒருமுறை இருமி, உயிர் பெற்றது. ஒலி எங்களுக்கு நேராக இல்லை. மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் அதைக் கவனித்தவள் ரோஸிதான். எழுந்து தெற்கே ஓடினாள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படகின் மூக்கு நீல நிறத்தில் நீண்டு வந்து, மணலில் உரசி நின்றது. கற்சுவருக்கும் அதற்கும் இடையே நான்கு ஆள் படுக்கும் அகலம்தான் இருந்தது.

அந்தோணியும் உடன் போனவரும் இறங்கினார்கள். அந்தோணி யாருடைய கையையும் பிடிக்காமல் மணலில் அமர்ந்தார். தம்பி ஓடிவந்து முன்னால் நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். “ஏண்டா, ஒரே பாட்டத்தான் தெரியுமா உங்களுக்கு? அதையும் தப்பா வாசிக்கிறே.” ஸ்டீபன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

தெற்குப் பெட்டி எரிந்துபோயிருந்தது. அன்று வேறு பாட்டு எதுவும் இல்லை. எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் புகை விலகியது. கடல் ஒன்றும் அறியாததுபோல் பளபளத்துக்கொண்டிருந்தது. தொலைவில் நிலக்கரிக் கப்பல் ஒன்று நிற்பது தெரிந்தது. நான் நினைத்ததைவிட மிகமிக அருகில்.

கிளம்பும்போது ரோஸி சாலைவரை வந்தாள். நடந்துகொண்டே கேட்டாள். “நீ சொன்னது தப்பாப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பே?”

“தெரியலம்மா.”

“எனக்கும் தெர்ல. அணைன்னு சொன்னது நான்தான? அப்பால அந்தாளு வர்லேன்னா, ஆயுசுக்கும் உன்னயே திட்டிகினு இருந்திருப்பேன்.” சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை பனிக்கட்டிபோல் இருந்தது. என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இருவருமே கையை எடுக்கவில்லை. ஆட்டோ வந்தது.

கோவையில் அன்று காப்புக் கட்டும் நாள். வேப்பிலையையும் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் சேர்த்து வாசலில் செருகிவிட்டு, வீட்டுக்கு ஒன்றும் நேராது என்று நம்பித் தூங்கப்போவோம். நானும் அப்படி நம்பித் தூங்கியவள்தான். நான் திரும்பிய மறுநாளும் வாசலில் பக்கத்து வீட்டார் செருகிய கொத்து வாடாமல் இருந்தது.

நான்காவது குழுவைச் சேர்த்துவிட்டீர்களா என்று இப்போது கேட்கிறார்கள். சேர்த்துவிட்டேன். அவர்கள் வாசித்து ஒரு முழுப் பாட்டைக்கூட நான் கேட்டதில்லை. எல்லாக் கச்சேரிகளிலும் பாட்டு முடியப்போகிறதே என்றுதான் எனக்குக் கவலையாக இருக்கும். அன்று, அவர்கள் ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும், அடுத்த முறை வாசிக்கத் தேவை இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.