இழைப்பு மெஷினில் ஏறிய துரு

என்னைப் பற்றிப் பொய் சொன்னவர் நீங்கள்தான். மீஞ்சூர் மர மில்லில் மேனேஜராக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன். பெயரை எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். உங்கள் அக்கா வீட்டுக்காரர்தான் முதலாளி. அவர் ஏலத்தில் ஒரு பழைய இழைப்பு மெஷினை வாங்கி வந்தார். சீமையில் செய்தது, முழுக்க வார்ப்பிரும்பு. பலகை ஓடுகிற பெட் ஓர் ஆள் படுக்கிற நீளம். மழையில் கிடந்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. துருவை எடுத்து ஓட்டிக் காட்டினால் மெஷின் உன் கையில் என்றார் முதலாளி. அதுவரை நான் மரம் தூக்கிக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெயில் நனைத்த கோணியைப் பெட் மேல் போர்த்தி ஊறவிட்டேன். மறுநாள் பழைய இழைப்புளித் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன். துரு செதிள் செதிளாக வந்தது. பிறகு கட்டையில் எமரித் தாளைச் சுற்றி நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கீறல் பலகையைப் பிடிக்கும். தண்ணீரே காட்டவில்லை. மண்ணெண்ணெயிலேயே துடைத்து எண்ணெய் பூசினேன். அங்கே காற்றிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு. வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது.

மெஷின் ஓடியது. தேக்குப் பலகை வழுக்கிக்கொண்டு போனது. நான் ஆபரேட்டர் ஆனேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் நீங்கள் வந்து பெட்டைத் தடவிப் பார்த்தீர்கள்.

“இன்னாய்யா இது, எண்ணெயா வழியுது? சந்தனம் எப்டி ஒட்டும்?”

“தொடைச்சா துரு ஏறிடும் சார். பொட்டு ஓரமா வெச்சிக்கலாம்.”

“நீ ஒருத்தன்தான் மெஷினப் பாத்தவன். போய்யா அப்பால.”

இழைப்புச் சுருள் வாருகிற பெண்களைக் கூப்பிட்டு, எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, பித்தளை தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னீர்கள்.

“இன்னா சார், குத்துவிளக்கா இது? இதுக்குப் போடற புளியில மில்லுக்கே ரசம் வெக்கலாமே” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

புளி பட்டு இரும்பு பளபளத்தது. உப்புக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார்கள். அதே தண்ணீரில் குழைத்த சந்தனத்தை உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாக அப்பினீர்கள். பூஜை முடிந்ததும், பூஜையில் வைத்ததை எடுக்கிறவரை யாரும் தொடக் கூடாது, விஜயதசமிக்கு வந்து திறக்கிறேன் என்று பூட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டையில் உங்கள் மாமனார் வீட்டுக்குப் போனீர்கள். வந்தது அடுத்த வாரம்.

திறந்தபோது முதலாளியும் இருந்தார். பெட் முழுக்கச் செம்மண் பூசியது போல் இருந்தது. காய்ந்த சந்தனத்தைப் பெயர்த்தால் அடியில் கறுப்பாய், சொரசொரப்பாய் ஒரு வட்டம். தடவினால் நகம் மாட்டியது. பலகையைத் தள்ளிப் பார்த்தோம். பாதியில் நின்றது.

“எவன் வேலைடா இது?” என்றார் முதலாளி.

“எண்ணெய் போட்டு மூடிட்டுப் போன்னு சொன்னேன் மாமா. மறந்துக்கினு போயிட்டான்” என்றீர்கள்.

பெண்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி மரக்கட்டைகள் கிடந்த பக்கம் கையைக் காட்டினார். மெஷின் உங்கள் சொந்தக்காரனுக்குப் போனது.

பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் மில் மில்லாக ஏறி ஆபரேட்டர் வேலை கேட்டேன். ஒரு மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீதானா நைனா அது, மெஷின துருவுக்குக் குடுத்தவன்? லோடு எறக்குற வேலதான் கீது. செய்றியா?” என்றார். செய்தேன். மற்ற இடங்களிலும் அதேதான். கடைசிவரை எனக்கு யாரும் மெஷின் தரவில்லை.

முதலாளி இறந்துவிட்டார். நீங்கள் மர வியாபாரிகள் கூட்டத்தில் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காருகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் மைக் உங்கள் கைக்கு வரும்போது பதில் சொல்லுங்கள். எண்ணெயைத் துடைக்கச் சொன்னது யார்? என்னிடம் தனியாக வந்து சொல்ல வேண்டாம். எனக்கு மெஷின் தராத மில்காரர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.