அம்மா மினுக்கிய கண்காட்சித் தட்டு

நாங்கள் இருப்பது நோர்வேயில், ஒஸ்லோவின் புருசெத் பகுதியில். இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு இங்கே நடந்த தேசியக் கண்காட்சி ஒன்றின் நினைவுப்பொருட்களைச் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். சாம்பல் கிண்ணம், கரண்டி என்று அலுமாரி நிறைய வைத்திருக்கிறேன். அதைக் கண்ட பக்கத்து வீட்டு நோர்வே மூதாட்டி இங்கர், சின்ன வயதில் தகப்பனோடு அந்தக் கண்காட்சிக்குப் போய் வாங்கிய பித்தளைத் தட்டை எனக்கே தந்துவிட்டார். தட்டின் நடுவில் கறுப்பு நிறத்தில் ஒரு கப்பல்.

போன தைப்பொங்கலன்று இங்கரைக் கோப்பிக்கு அழைத்திருந்தேன். பக்கத்து நகரமான திராமனிலிருந்து அம்மாவும் வந்திருந்தா. நான் கடைக்குப் போய் வருவதற்குள் குத்துவிளக்கோடு சேர்த்து அந்தத் தட்டையும் பழப்புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டா.

"ஆக்கள் வாற வீட்டிலை கறுத்துப்போன தட்டை வைக்கலாமே, பிள்ளை?"

அது அழுக்கில்லை. அந்தக் கறுப்புத்தான் கப்பல்.

நான் அதை ஒளித்து வைக்க முதல் இங்கர் வந்துவிட்டார். தட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் மூன்று பேரின் முகமும் அதில் தெரிந்தது. "கப்பல் எங்கே?" என்று கேட்டார். நோர்வே மொழி விளங்காத அம்மா, பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தா. நான் நடந்ததைச் சொன்னேன். "பரவாயில்லை" என்றவர், கோப்பியைத் தொடாமலே எழுந்து போனார். பிறகு எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

இப்போது அலுமாரியைப் பூட்டித்தான் வைக்கிறேன். அந்தத் தட்டு மட்டும் வெளியே கிடக்கிறது. அதை இனி யாரும் எவ்வளவும் மினுக்கலாம்.