மாடிப்படிக் கம்பிகள்

கணபதி என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது, படிக்கட்டுக்கு எந்த மாதிரிக் கைப்பிடி வைப்பது என்பதில்தான் அதிகப் பேச்சு நடந்தது. ஹால் சிறியது. படிக்கட்டு அதற்குள்ளிருந்தே ஏறுகிறது. எல்லோரும் வைக்கிற குழாய்க் கைப்பிடியை வைத்தால் ஹாலுக்குள் கூண்டு வைத்ததுபோல் இருக்கும் என்றாள் மகள். அவள் கட்டடக்கலை படிக்கிறாள். ஸ்டீல் தூண்களை நிறுத்தி, அவற்றுக்கு நடுவே மெல்லிய கேபிள்களை வரிசையாக இழுத்துக் கட்டிய படம் ஒன்றைப் போனில் காட்டினாள்.

"கைப்பிடி இருக்கறதே தெரியாதுங்கப்பா. ஹால் முழுசாத் தெரியும்" என்றாள்.

என் கணவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். லேத்திலிருந்து வரும் ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அளவு பிசகியதைத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. வீட்டிலும் அப்படித்தான். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வருவார்.

"தூண மட்டும் வெல்டர் நிறுத்தட்டும். ஓட்ட போட்டுக் கம்பி கோக்கறத நானே செஞ்சுபோடறேன்" என்றார்.

சாமான்கள் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். கேபிள் ஒரு பெரிய சுருளாக இருந்தது. கேபிளின் முனையில் மாட்டி நசுக்கிப் பிடிக்க வைக்கும் சிறிய உலோகக் குழல்கள், திருகத் திருகக் கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிள்கள், தூணின் ஓட்டையில் கேபிள் உரசாமலிருக்க ரப்பர் புஷ்கள். ஒவ்வொன்றையும் எடுத்து எனக்கும் மகளுக்கும் விளக்கினார். இரண்டு கோடியிலும் நிற்கும் தூண்கள்தான் இழுவை முழுவதையும் தாங்கும், நடுத் தூண்கள் வழிகாட்ட மட்டும்தான் என்றார். மாத இறுதியில் எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மாடியை மந்திரிப்பதாக இருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று என் கணவர் சொன்னதை நாங்கள் இருவரும் நம்பினோம்.

வெல்டர் தூண்களை நிறுத்தி, மேலே மெல்லிய ஸ்டீல் பட்டை ஒன்றை ஓடவிட்டுப் போனார். அடுத்த விடுமுறை நாளில் இவர் டிரில் மெஷினை எடுத்தார். படிக்கட்டு சரிவாக இறங்குவதால் ஓட்டையையும் அதே சரிவில் போட வேண்டும். அட்டையில் அளவு வெட்டி வைத்துக் குறித்துக்கொண்டுதான் போட்டார். ஆனால் முதல் கேபிளைக் கோத்து இழுத்தபோது அது நடுத் தூணில் மேலே ஏறி, அடுத்த தூணில் கீழே இறங்கியது. இரண்டாவது அதற்கு எதிராக வளைந்தது. நான் கீழே சோபாவிலிருந்து பார்த்தேன். கோணல் எனக்கே தெரிந்தது.

"தூணு கோணலா நிக்குது" என்றார் அவர்.

வெல்டரைக் கூப்பிட்டோம். அவர் வந்து தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தார். "தூணு நேராத்தானுங்க இருக்குது. வேணும்னா நடுத் தூண மட்டும் மாத்தித் தாரேனுங்க" என்றார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நூல் பிசகாமல் அளவு பார்க்கிறவனுக்குக் குறி வைக்கத் தெரியாதா என்று கத்தினார். வீட்டுக்கு வந்தவரிடம் அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. வெல்டர் பையை எடுத்துக்கொண்டு போனார். வாசல்வரை போய் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு வேலை நடக்கும்போது நாங்கள் பக்கத்தில் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கேபிளை வெட்டும்போது பிரிந்த இழைகள் குத்தி விரல்களில் ரத்தம் வந்தது. போகும்போதும் வரும்போதும் இடது தோளைத் தூணில் இடித்துக்கொண்டார். "பாத்துப் போங்க" என்றால், "புதுத் தூணு அம்மணி, பழகோணும்" என்பார். இருட்டுவதற்கு முன்பே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் பழக்கமும் அப்போதுதான் வந்திருந்தது. சத்தி ரோட்டில் நெரிசல் என்று காரணம் சொல்வார். நெரிசல் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். ஒரு வழியாக எல்லாக் கேபிளும் கோத்தாகிவிட்டது. கோணலோடுதான். நடுவில் தொடங்கி மேலும் கீழுமாக இறுக்கிக்கொண்டு வந்தார். முடிந்தது, இனிச் சாயலாம், ஆடலாம் என்று மேலே பார்த்துச் சொன்னார். மகள் மாடியில் துணி அலசிவிட்டு வாளியோடு இறங்கினாள். அவருக்கு வழி விட்டு ஒதுங்கியவள், வாளியின் கனம் இழுக்க, இடுப்பைக் கேபிள்மேல் சாய்த்தாள்.

கேபிள் சடாரென்று கழன்றது. கோடித் தூணில் ஒரு நட்டு திருகுப் புரியில் பாதிகூட ஏறாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வாளி ஹாலில் விழுந்து உடைந்தது. அவள் ஒரு கால் வெளியே போக, நடுத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் படியேறி ஓடிப்போய் அவள் சுடிதாரைப் பற்றி உள்ளே இழுத்தேன். அவளுக்கு முட்டியில் மட்டும் அடி. மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"நான் முடுக்குனேன். பாத்துத்தான் முடுக்குனேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ஸ்பேனரைத் தேடினார். அது அவர் இடது முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கையால் படியைத் தடவிக்கொண்டே வந்து அதன்மேல் கை பட்டதும் எடுத்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"என்னுங்க, இந்தப் பக்கம் எத்தன கம்பி இருக்குதுன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்க. கை வெக்காம, கண்ணால பாத்துச் சொல்லுங்க."

அவர் முகத்தை மேலும் கீழும் அசைத்தார். பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். அதன் முன்னே வெள்ளி நிறக் கம்பிகள். ஒரு எண்ணைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார். "நேராப் பாக்கறது நல்லாத் தெரியுது அம்மணி. ஓரந்தான் இல்ல" என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். கம்பெனியில் டிராலி ஒன்று பக்கத்தில் வந்தது தெரியாமல் மோதி, தடுமாறி விழுந்ததைச் சொன்னார். அது போன வருஷம். ஷாஃப்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதால் வேலையில் யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதானே தினமும் காலையில் மகளை வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டார் என்பதுதான் தோன்றியது. அதைக் கேட்டும்விட்டேன். மகள்தான் "விடுங்கம்மா" என்று அழுதாள்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருட்டறையில் ஒரு கருவிக்குள் தாடையை வைத்து உட்காரச் சொன்னார்கள். உள்ளே எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். என்னையும் ஓரமாக உட்கார விட்டார்கள். பொத்தான் சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும். அந்த இடைவெளிகள் நீண்டுகொண்டே போயின. புள்ளிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, இவருக்குத்தான் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஒரு முறை அவர் தெரியாமலேயே சும்மா அழுத்தினார் என்று நினைக்கிறேன்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது என்றார். "ஆப்பரேசன் பண்ணுனா வந்துருமுங்களா?" என்று இவர் கேட்டார். வராது என்று சொன்ன பிறகும் வேறு விதமாக அதையே கேட்டார். இனி வண்டி ஓட்டக்கூடாது என்றும் டாக்டர் சொன்னார். இது பரம்பரையாகவும் வரும் என்பதால் வீட்டில் மற்றவர்களும், முக்கியமாக மகளும், சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது என் கணவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கம்பெனியில் சொல்வதற்கு அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அளவு சரியாகத்தானே பார்க்கிறேன் என்றார். அளவு சரிதான், தலைக்கு மேல் கிரேனில் பாரம் போகிற இடம், டிராலி ஓடுகிற இடம், அங்கே என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் நானே வந்து சொல்வேன் என்றேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. தட்டு வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். ஜெபமாலை சொல்ல மூவரும் ஒன்றாக உட்காரும் வழக்கம், அதிலும் அவர் குரல் மட்டும் கேட்காது. மருந்து ஊற்ற நான் போனால் சீசாவை வாங்கித் தானே ஊற்றிக்கொள்வார். பாதி கன்னத்தில் வழியும்.

ஒரு சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சொல்லிப்போட்டேன்" என்றார். அவ்வளவுதான். மேலாளர் என்ன சொன்னார் என்று பிறகு துண்டு துண்டாகத் தெரிந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோரில் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோமீட்டரை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்ததை மட்டும் மகளிடம் சொன்னாராம்.

வெல்டரை நான் மறுபடி கூப்பிட்டேன். கோணல் ஓட்டை போட்ட தூண்களை மாற்றி, கேபிள்களை இறுக்கி, ஒவ்வொரு நட்டையும் நானே தொட்டுப் பார்க்கும்படி சொன்னார். மேலே இருந்த மெல்லிய பட்டையை எடுத்துவிட்டு, கை நிறையப் பிடிக்கும்படி அடர்நிறத் தேக்குக் கட்டை போட்டோம். ஹால் முன்போல் முழுசாகத் தெரியாது. என் கணவர் வேலை முடியும்வரை மொட்டை மாடியிலேயே இருந்தார். வெல்டர் கிளம்பும்போது மட்டும் இறங்கி வந்து, "அன்னைக்குப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். "அட, அதெல்லாம் இல்லீங்" என்று வெல்டர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாமியார் வந்து மந்திரித்தது இரண்டு மாதம் தள்ளித்தான். மகளுக்குச் சோதனையில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வரவேண்டும் என்றிருக்கிறார்கள். சொட்டு மருந்து ஊற்றுவதை அவள் எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் தலையை அண்ணாந்து அவர் உட்காருவார். சொட்டு விழும் முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

"மூடாதீங்கப்பா."

"எரியுது கண்ணு."

"இன்னும் ஊத்தவே இல்லீங்கப்பா" என்பாள் அவள், அவர் இமையை விரலால் பிரித்துக்கொண்டே.