அண்ணி ஊருக்குப் போய் வந்தது

என் அண்ணி இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு மூன்று வயது. மன்னாரிலிருந்து படகில், அம்மாவின் மடியில் வந்தார். குழந்தை அழுதால் கடற்படைக்குக் கேட்டுவிடும் என்று அந்தத் தாய் வழியெல்லாம் மகளின் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாராம். ஆரணிக்குப் பக்கத்து முகாமில் வளர்ந்தார். சேவூரில் எங்கள் வீட்டுக்குப் பட்டு நூல் சுற்ற வந்தவர், என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இரண்டு பெண்களையும் பெற்றுவிட்டார். பேச்சுகூட எங்கள் பேச்சாகிவிட்டது. ஆனால் முப்பத்தைந்து வயது தாண்டியும் அவரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை.

சண்டை ஓய்ந்து சில வருடங்கள் கழித்து அவருடைய அம்மா மட்டும் முகாமை விட்டு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். அங்கே ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீடியோ காலில் படுத்தபடியே பேசினார்.

"வர ஏலாதெண்டா பரவாயில்ல பிள்ளை. இப்பிடி முகத்தக் காட்டு, அது காணும்."

போதும் என்பதற்கு அவர்கள் 'காணும்' என்றுதான் சொல்வார்கள்.

அண்ணி போனை வைத்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் அண்ணனிடம், "நான் போறேங்க," என்றார்.

"போலாம். திரும்பி வர வுடுவாங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

அகதிகள் விவகாரம் பார்க்கிற அலுவலகத்தில் போய்க் கேட்டோம். அங்கிருந்த அதிகாரியம்மா நல்லவர், உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "வெளியே போக அனுமதி வாங்கிடலாம்மா. திரும்பி வரணும்னா அங்கே போய் விசா போடணும். கிடைக்கும் கிடைக்காதுன்னு நான் சொல்ல முடியாது."

அண்ணி தனியாகப் போக வேண்டாம் என்று நான் கூடப் போவதாக முடிவானது. பெண்களுக்குப் பள்ளிக்கூடம், அண்ணன் இருந்தே ஆகவேண்டும். நான் ஆரணி டவுனில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலையில் இருக்கிறேன். திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். ஒரு போலீஸ்காரர் வந்தார், டீ குடித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அண்ணி அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாப் பக்கமும் காலியா கீது பாப்பா," என்று சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவருடைய இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு வருடம் ஆனது. முதலில் அவர் அங்கே பிறந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். இடுப்பு சரியாகாத அந்தத் தாய் மன்னார் கச்சேரிக்கு ஆட்டோவில் பலமுறை அலைந்து மகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார். அங்கே கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். அதன் பிறகு சென்னையில் இருக்கிற இலங்கைத் தூதரகத்துக்குப் போய்ப் போய் வந்தோம். நான் அதுவரை, ஒரு நாட்டை விட்டுப் போவதும் திரும்பி வருவதும் பஸ் ஏறி இறங்குகிற மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அது ஓர் உரிமை என்றும், அது இல்லாத ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் எனக்குத் தோன்றியதே இல்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போகிற விமானம் சின்னது, இறக்கையில் காற்றாடி சுற்றுவது தெரியும். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே கடல் வந்ததும் கையால் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். வாந்தி வருகிறதோ என்று நான் பையை எடுத்து நீட்டினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த அந்தத் தண்ணீர், எங்களுக்குக் கீழே வெயிலில் பளபளத்தபடி நகர்ந்து, கொஞ்ச நேரத்தில் முடிந்தும் போனது.

இறங்கியதும் நான் அண்ணியின் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்துப் போனேன். அங்கே நின்ற ஒரு பெண் ஊழியர் அவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் இங்கால வாங்கோ. அது வெளிநாட்டு ஆக்களுக்கு," என்றார்.

அண்ணி நகரவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி என்னையே பார்த்தார். நான்தான் அவர் கையை விட்டேன்.

என்னிடம் எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார்கள். பக்கத்து வரிசையில் அண்ணியிடம் ஒரே ஒரு கேள்வி.

"எத்தினை வருசத்துக்குப் பிறகு வாறீங்கள்?"

"மூணு வயசுல போனது."

அந்த அதிகாரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தி, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. சாமி சன்னதியில் நிற்கிறவளைப் போல நான் கைகூப்பாத குறையாக நின்றேன்.

மன்னாரில் அண்ணியின் அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வந்திட்டியா பிள்ளை," என்றார். "வந்திட்டன் அம்மா. நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்றார் அண்ணி. இத்தனை வருடமாக எங்களோடு 'இன்னா', 'வந்துகினு' என்று பேசியவர் வாயில் அந்தப் பேச்சு எங்கே ஒளிந்திருந்தது?

அண்ணி உடனே விசாவுக்கு விண்ணப்பித்தார். எனக்குக் கொடுத்த முப்பது நாளும் முடிந்தது, விசா வரவில்லை. கிளம்புகிற அன்று வேலியோரம் நின்று சொன்னார்.

"அம்மாவ வுட்டுட்டு ஜல்தியா போவணும்னு தினம் சாமிகிட்ட வேண்டிகினு கீறேன் பாப்பா. இது இன்னா வேண்டுதல்?"

சென்னையில் நான் வெளியே வந்தபோது பெண்கள் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தார்கள். அதன் பிறகு அண்ணன் தறியில் சேலைப் பூவைத் தப்பாகப் போட்டு, நெய்ததை இரண்டு முறை பிரித்தார்.

ஒன்பது வாரம் கழித்து ஒரு மத்தியானம் விசா வந்துவிட்டது என்று போன் வந்தது. விமான நிலையத்தில் அண்ணி வெளிநாட்டவர் வரிசையில் நின்று வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. சின்னவள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அண்ணன், "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் அம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். போன கோடை விடுமுறையில் அண்ணி மறுபடியும் போய் வந்தார், பெண்களையும் கூட்டிக்கொண்டு. அங்கே ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பார்கள். சின்னவள் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பால் வாங்கி வந்தாயா என்று கேட்டால், "ஓம்" என்கிறாள்.